சப்டைட்டிலைக் காதில் ஓதியவர்: அயல்மொழிப் படங்களுக்கு உங்களை அழைத்துச் சென்ற நண்பர் யார்?

மேன்ஷன்வாசி எழுதியது:

ஒரு கேள்வியோடு இந்த இழையைத் தொடங்க விரும்புகிறேன். ஆனால் கேள்வி விளங்குவதற்கு என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1991 ஜூன் மாதம், தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனின் மூன்றாம் மாடி அறையில் சேர்ந்தேன். அந்த அறையில் ஏற்கெனவே கோவில்பட்டிக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் அண்ணாச்சி என்றே அழைத்தேன். வாரத்தில் இரண்டு நாள் மாலையில் எங்கே போகிறேன் என்று சொல்லாமல் புறப்பட்டுப் போவார். இரவு பத்து மணிக்கு மேல் திரும்பி வந்து, கோடு போட்ட நோட்டில் ஏதோ எழுதி வைத்துவிட்டுப் படுப்பார். சீட்டாடப் போகிறார் என்றுதான் முதல் மாதம் முழுவதும் நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, தானாகவே, "சும்மாதானே இருக்கிறாய், வாயேன்" என்றார். போன இடம் நுங்கம்பாக்கம் பக்கத்தில் ஒரு சிறு கூடம். நாற்பது இரும்பு நாற்காலிகள், ஒரே ஒரு 16 எம்.எம். ப்ரொஜக்டர், ஒவ்வொரு ரீல் முடியும்போதும் எரியும் விளக்கு. திரையிட்ட படம் யசுஜிரோ ஓசு 1953-இல் எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். ஆங்கில சப்டைட்டிலில் பாதி வரியை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அது மறைந்து அடுத்த வரி வந்துவிடும். போதாக்குறைக்கு, வெள்ளைச் சட்டைக்காரர் யாராவது திரையின் அடியில் வந்து உட்கார்ந்தால் வெள்ளை எழுத்து அவர் சட்டையிலேயே கரைந்துவிடும். என் தவிப்பைக் கவனித்த அண்ணாச்சி காதருகே குனிந்து, பேச்சின் சாரத்தை மட்டும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அரை மணி நேரம் கழித்துச் சட்டென்று நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு ஒரு சொல்கூட இல்லை.

படம் முடிந்து அண்ணா சாலை வழியாக நடந்து திரும்பும்போது, ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். "பெரியவர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அப்போது நீ திரையைப் பார்க்கவில்லை, தம்பி. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய்" என்றார். கேமரா ஏன் அசையாமல் தரையோடு தரையாகக் கிடக்கிறது என்று அடுத்ததாகக் கேட்டேன். அதற்கு நேரடியாகப் பதில் சொல்லாமல், "ஊரில் உங்கப்பா எங்கே உட்காருவார்?" என்றார். திண்ணையில், இல்லையென்றால் கூடத்துத் தரையில் என்றேன். "அவரோடு நீ எங்கிருந்து பேசுவாய்?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ரத்னா கபேயில் சாம்பார் இட்லி சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனோம். நாற்காலி இல்லாத அறையில் பாயில் படுத்தபடி, சுவரையும் கதவையும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து அப்பா சென்னைக்கு வந்தார். எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். கையில் பணம் கொடுத்து, கடற்கரையையும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். இரண்டாம் நாளே, ஊரில் வேலை கிடக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். எழும்பூரில் கொல்லம் மெயிலில் அவரை ஏற்றிவிட்டு நடைமேடையில் நிற்கும்போது நெஞ்சில் ஏதோ இடித்தது. ஒனோமிச்சியிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த அந்தக் கிழத் தம்பதியை, மருத்துவரான மகனும் சிகையலங்காரக் கடை வைத்திருக்கும் மகளும் நேரமில்லை என்று அத்தாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைப்பார்களே, அதைத்தான் நான் செய்திருந்தேன். படம் எனக்கு அன்றுதான் முடிந்தது.

இப்போது கேள்வி. உங்களை அயல்மொழிப் படங்களின் பக்கம் திருப்பிய நண்பர் என்ன செய்தார்? நல்ல படங்களைக் காட்டினார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நல்ல படங்களைக் காட்டிய எத்தனையோ பேரை நாம் மறந்துவிட்டோம்.

கொடைரோடு எழுதியது:

எங்கள் தலைமுறைக்கு ரீலும் இல்லை, கூடமும் இல்லை. 2005-இல் கோவையில் பொறியியல் கல்லூரி விடுதி. பக்கத்து அறை நண்பன் சென்னை போய்வரும்போதெல்லாம் பர்மா பஜாரிலிருந்து உறை இல்லாத டிவிடிகளை ஒரு கட்டாகக் கொண்டுவருவான். அது திருட்டு டிவிடிதான், நியாயப்படுத்தவில்லை. ஆனால் வேறு எந்த வழியிலும் அந்தப் படங்கள் எங்களை வந்தடைந்திருக்காது என்பதும் உண்மை.

அவன் செய்தது ஒன்றே ஒன்று. அவன் கணினியில் படம் பார்ப்பதென்றால் இடையில் எதையும் தாண்டி வேகமாக ஓட்டிப் பார்க்கக் கூடாது என்ற சட்டம் வைத்திருந்தான். அந்த நாளில் விடுதியில் யாரும் எந்தப் படத்தையும் ஓட்டாமல் பார்த்ததில்லை. கொரிய இயக்குநர் கிம் கி டுக்கின் 2003-ஆம் ஆண்டுப் படம் ஒன்று, ஏரியின் நடுவே மிதக்கும் ஒரு சின்ன புத்த மடத்தில் ஒரு பிக்குவும் ஒரு சிறுவனும் வாழ்வதை ஐந்து பருவங்களாகச் சொல்வது, அப்போது தமிழ்நாட்டில் கை மாறாத விடுதி இல்லை என்று நினைக்கிறேன். தண்ணீரும் படகும் தவிர ஒன்றும் நடக்காத இடங்களில் எங்கள் கை தானாகவே கணினியின் எலியை (மவுஸை) நோக்கிப் போகும். அவன் எலியைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவான். சிறுவன் மீன் மீதும் தவளை மீதும் பாம்பு மீதும் கல்லைக் கட்டி விளையாடுகிறான். பிக்கு அவன் தூங்கும்போது அவன் முதுகில் ஒரு கல்லைக் கட்டிவிடுகிறார். ஓட்டிப் பார்த்திருந்தால் அதை ஒரு தண்டனைக் கதை என்று மட்டும் எண்ணியிருப்பேன். முழு நேரமும் உட்கார்ந்ததால் அந்தக் கல்லின் கனம் எனக்கும் தெரிந்தது.

மேன்ஷன்வாசி ஐயா, உங்கள் அண்ணாச்சி இப்போது எங்கே இருக்கிறார்?

எதிர்க்காற்று எழுதியது:

எல்லோரும் நெகிழ்ந்துகொண்டிருக்கிறீர்கள். கசப்பான அனுபவம் உள்ள ஒருவனும் பேசட்டும்.

எனக்கும் ஒரு நண்பர் இருந்தார். அவரும் என்னைப் படங்களுக்கு அழைத்துச் சென்றார். ஆனால் படம் தொடங்குவதற்கு முன்பே நான் அதில் எதைக் காண வேண்டும் என்று சொல்லிவிடுவார். முடிந்த பிறகு, கண்டேனா என்று சோதிப்பார். பெர்க்மன், தார்க்கோவ்ஸ்கி என்று பெயர்களை அடுக்கக் கற்றுக்கொண்டேன். அதைவிட வேகமாக, எங்கள் வீட்டில் அப்பா ரசித்துப் பார்க்கும் படங்களை இகழவும் கற்றுக்கொண்டேன். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அப்பாவோடு உட்கார்ந்து ஒரு படம்கூடப் பார்க்கவில்லை. அவர் சிவாஜி படம் போட்டால் எழுந்து மாடிக்குப் போய்விடுவேன். என் நண்பர் எனக்குக் கொடுத்தது ரசனை அல்ல. இரவல் வாங்கிய ஓர் அகங்காரம். இரவல் பொருள் என்பதால்தானோ என்னவோ, அந்த நட்பு முறிந்ததும் இரண்டு ஆண்டுகள் ஒரு வெளிநாட்டுப் படத்தையும் நான் பார்க்கவில்லை.

ஆகவே நண்பர் வழியாக வரும் ரசனையை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். தனியாக, தற்செயலாக, யாரும் சொல்லாமல் ஒரு படத்தின் முன் போய் விழுகிறவனே அதைச் சொந்தமாகப் பார்க்கிறான்.

ரீல்பெட்டி எழுதியது:

எதிர்க்காற்று அவர்களின் கசப்பை மதிக்கிறேன். ஆனால் 'தனியாக, தற்செயலாக' என்பதற்கு வழக்கமாகக் காட்டப்படும் பெரிய உதாரணமே அவர் பக்கம் நிற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

1950-இல் சத்யஜித் ராய், தாம் வேலை செய்த டி.ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தின் சார்பில் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே சில மாதங்களில் ஏறத்தாழ நூறு படங்கள் பார்த்தார். அவற்றுள் ஒன்று விட்டோரியோ டி சிக்காவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. அதைப் பார்த்த பிறகு, தொழில்முறை நடிகர்கள் இல்லாமல், உண்மையான இடங்களில் தாமும் படம் எடுக்கலாம் என்று உறுதிகொண்டு, திரும்பி வரும் கப்பலிலேயே 'பதேர் பாஞ்சாலி'க்கான காட்சிகளைத் திட்டமிடத் தொடங்கினார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், ஒரு மனிதர் ஓர் இருட்டறையில் தனியாக ஞானம் பெற்றதுபோலச் சொல்வார்கள்.

ஆனால் அந்த இருட்டறைக்குள் நுழையும்போது ராய் தனி ஆளாக இல்லை. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1947 அக்டோபரில், நாடு விடுதலை பெற்ற இரண்டு மாதத்துக்குள், அவரும் சிதானந்த தாஸ்குப்தாவும் வேறு சில நண்பர்களும் சேர்ந்து கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கியிருந்தார்கள். இருவரும் 1921-இல் பிறந்தவர்கள், ஒத்த வயதினர். ஐசன்ஸ்டைனின் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' படத்தோடு திரையிடல் தொடங்கியது. பிறகு, 'தி ரிவர்' படத்துக்கு இடம் பார்க்கப் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரென்வார் கல்கத்தா வந்தபோது ராய் அவரோடு சுற்றி இடங்களைக் காட்டினார். அந்த நட்பு வட்டத்தில் இருந்த பன்சி சந்திரகுப்தா 'தி ரிவர்' படத்தின் கலைப் பிரிவில் வேலை செய்தார்; சுப்ரத மித்ரா படப்பிடிப்பை அருகிலிருந்து கவனித்தார். 1955-இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'க்குக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா; ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா. லண்டனில் அந்தப் படத்தைப் பார்த்த கண்ணைத் தயார் செய்தது, கல்கத்தாவின் சிறு கூடங்களில் நண்பர்களுக்குள் ஓயாமல் நடந்த வாக்குவாதம்தான் என்பது என் எண்ணம்.

கேரளத்திலும் இதே கதை. 1965-இல் திருவனந்தபுரத்தில் சித்திரலேகா பிலிம் சொசைட்டியை அடூர் கோபாலகிருஷ்ணன் தொடங்கியபோது, அவரோடு தோள்கொடுத்து நின்றவர் குளத்தூர் பாஸ்கரன் நாயர் என்ற நண்பர். அந்த முயற்சியின் தொடர்ச்சியாகத்தான் 1972-இல் 'சுயம்வரம்' பிறந்தது.

எதிர்க்காற்று அவர்களின் நண்பர் செய்த பிழை நட்பின் பிழை அல்ல. அவர் நண்பராக இருக்க வேண்டிய இடத்தில் தேர்வுக் கண்காணிப்பாளராக நின்றுவிட்டார். ராயும் தாஸ்குப்தாவும் ஒருவரையொருவர் சோதிக்கவில்லை; சண்டை போட்டார்கள். பின்னாளில் தாஸ்குப்தா ராயின் படங்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அவருடைய மகள் அபர்ணா சென் முதன்முதலாக நடித்தது, ராயின் 1961-ஆம் ஆண்டுப் படமான 'தீன் கன்யா'வில்.

மேன்ஷன்வாசிக்கு இரண்டு சிறு திருத்தங்கள், அன்போடு. ஓசுவின் கேமரா தரையில் உட்கார்ந்தவரின் கண்மட்டத்தில் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் அதற்கும் கீழேதான் இருக்கும். அது அசையவே இல்லை என்பதும் சரியல்ல. டோக்கியோவின் உயேனோ பகுதியில் போக இடமில்லாமல் அந்த முதிய தம்பதி ஒரு சுவரோரம் உட்கார்ந்திருக்கும் இடத்தில், கேமரா அந்தச் சுவரை ஒட்டி மெல்ல நகர்ந்துபோய் அவர்களைக் கண்டடைகிறது. அவ்வளவு நேரம் அசையாமல் இருந்த ஒன்று, வீடற்றுப் போனவர்களைத் தேடித் தானே எழுந்து போவதுபோல் இருக்கும். பெரியவராக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை என்பது இன்றும் எனக்கு நம்பக் கடினமாக இருக்கிறது.

எதிர்க்காற்று எழுதியது:

'தேர்வுக் கண்காணிப்பாளர்' என்ற சொல்லை ஏற்றுக்கொள்கிறேன். அந்த மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் எனக்குக் காட்டிய படங்களில் அகிரா குரோசவாவின் 'ரஷோமோன்' ஒன்று. ஒரே சம்பவத்தை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வதைக் காட்டிவிட்டு, இதையெல்லாம் தமிழன் கனவிலும் எண்ண மாட்டான் என்றார். நானும் தலையாட்டினேன். பல ஆண்டுகள் கழித்து ஒரு பிற்பகலில், தொலைக்காட்சியில் வீணை எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' ஓடிக்கொண்டிருந்தது. ஏவி.எம். நிறுவனம் 1954-இல் வெளியிட்ட படம், பாட்டே கிடையாது. சிவாஜி சுடப்பட்டுக் கிடக்கிறார். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவரை சொல்கிறார்கள். மாடிப்படியில் பாதி ஏறியவன் அப்படியே நின்று பார்த்தேன். "ரிலீஸானபோதே பார்த்தேன். பாட்டு இல்லையென்று கொட்டகையில் ஒரே சத்தம். எனக்குப் பிடித்திருந்தது" என்றார் அப்பா. 'ரஷோமோன்' படத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். முழுக் கதையையும் கேட்டார். அந்த நான்கு பேரில் ஒருவனான விறகுவெட்டி சொன்னதாவது உண்மையா என்று ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள், என் நண்பர் ஒரு நாளும் கேட்காத கேள்வி அது. பிறகு இருவரும் சேர்ந்தே 'ரஷோமோன்' பார்த்தோம். என் உண்மையான நண்பர் வீட்டிலேயே இருந்திருக்கிறார். நான்தான் மாடியில் இருந்தேன்.

ரீல்பெட்டி எழுதியது:

உங்கள் அப்பாவின் கேள்வி முதல்தரமானது. 'ரஷோமோன்' அதற்குப் பதில் சொல்வதில்லை. விறகுவெட்டியும் எதையோ மறைத்தவன்தான். 'அந்த நாள்' அப்படி முடிவதில்லை. கொலையாளி யார் என்று தெரிந்துவிடுகிறது. அதனால்தான், தூண்டுதல் 'ரஷோமோன்' என்று சொல்லப்பட்டாலும், கட்டமைப்பில் அது 1950-இல் வந்த 'தி வுமன் இன் கொஸ்டின்' என்ற பிரிட்டிஷ் படத்துக்கே நெருக்கமானது என்று ஆய்வாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். எப்படியானாலும், உங்கள் பழைய நண்பர் தமிழனின் கனவைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்.

பனிப்புல்வெளி எழுதியது:

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். நான் பிறந்தது பருத்தித்துறையில். என்னைப் படம் பார்க்கப் பழக்கியவள் ஈரானைச் சேர்ந்தவள். இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்தோம். இடைவேளையில் அவள் கொண்டுவரும் தேநீரும் என் ரொட்டியும்தான் முதலில் எங்களைச் சேர்த்தன.

அவள் எனக்குக் காட்டிய முதல் படம் அப்பாஸ் கியாரோஸ்தமி 1987-இல் எடுத்தது. அதன் பாரசீகத் தலைப்பை அவள் உச்சரித்துக் காட்டினாள்: கானே-யே தூஸ்த் கொஜாஸ்த். 'நண்பனின் வீடு எங்கே' என்று பொருள் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். எங்களோடு வேலை செய்த சென்னைக்காரர் ஒருவர் எல்லோரையும் 'தோஸ்து' என்று கூப்பிடுவார். அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தலைப்பில் ஒரு சொல் ஏற்கெனவே என்னுடையதாக இருந்ததால், அந்தப் படம் அயல்மொழிப் படம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

கதை மிகச் சிறியது. அகமது என்ற எட்டு வயதுப் பையன் பக்கத்தில் இருப்பவனின் கொப்பியைத் தவறுதலாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறான். நாளைக்கும் கொப்பியில் எழுதாமல் வந்தால் பள்ளியிலிருந்து விலக்கிவிடுவேன் என்று ஆசிரியர் அந்த மற்றப் பையனை மிரட்டியிருக்கிறார். ஆகவே அகமது, கோக்கர் என்ற தன் ஊரிலிருந்து குன்றேறி, போஷ்தே என்ற அடுத்த ஊருக்கு ஓடுகிறான். பெரியவர்கள் யாரும் அவன் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. தாயோ, வீட்டுப்பாடத்தைச் செய், பிள்ளையை ஆட்டு என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தாத்தா, தன் சட்டைப் பையில் சிகரெட் இருக்கும்போதே, ஒழுக்கம் படியட்டும் என்று சிகரெட் எடுத்துவர அனுப்புகிறார்.

அந்தத் தாத்தா வரும் இடத்தில் என் தோழி படத்தை நிறுத்தினாள். "உன் தாத்தாவும் இப்படியா?" என்று கேட்டாள். எங்கள் தாத்தா வெற்றிலைத் தட்டைக் காலடியில் வைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து எடுத்துவரச் சொல்லுவார் என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், மேல்மாடிப் பாட்டி ஒருவர் மணியை அடித்துவிட்டார். மேன்ஷன்வாசியின் அண்ணாச்சி கேட்ட கேள்வியும் இதே கேள்விதான் என்பதை வாசித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

எனக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும், சப்டைட்டிலைப் படித்துவிடுவேன். ஆனால் அந்த எழுத்தில் வராத பலவற்றை அவள் சொன்னாள்: யார் யாரை மரியாதையாக விளிக்கிறார்கள், எங்கே மரியாதை திடீரென்று குறைகிறது என்பதை. 'நீ' என்பதும் 'நீங்கள்' என்பதும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடுகின்றன. எங்களுக்கு அது புரியும், வெள்ளைக்காரருக்குப் புரியாது என்றாள். 1990-இல் ஈரானின் வடபகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. கோக்கரும் அதில் சிதைந்தது. படத்தில் நடித்த பையன்கள் உயிரோடிருக்கிறார்களா என்று கியாரோஸ்தமி தேடிப் போனார். அந்தத் தேடலே 1992-இல் இன்னொரு படமானது. அதை நாங்கள் பார்த்த இரவில் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஊர் இடிந்ததையும், திரும்பிப் போய் ஆட்களைத் தேடுவதையும் இரண்டு பேருமே அறிந்திருந்தோம்.

மேன்ஷன்வாசி எழுதியது:

சகோதரி பனிப்புல்வெளியின் பதிவை இரண்டு முறை வாசித்தேன். ரீல்பெட்டி அவர்களின் திருத்தங்களை ஏற்றுக்கொள்கிறேன். உயேனோ காட்சியை மறுபடியும் போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. கேமரா அசையவில்லை என்று முப்பது ஆண்டுகளாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

கொடைரோடு கேட்டதற்குப் பதில் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி ஓய்வு பெற்று இப்போது கோவில்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். சர்க்கரை நோய் இரண்டு கண்களின் விழித்திரையையும் பாதித்துவிட்டது. சிகிச்சையால் மேலும் கெடாமல் நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஆள் நடமாட்டம் தெரிகிறது, வெளிச்சமும் நிழலும் தெரிகின்றன. எழுத்து தெரியவில்லை, முகம் தெரியவில்லை. கோடு போட்ட நோட்டுகள் நாற்பதுக்கு மேல் அலமாரியில் இருக்கின்றன.

மாதம் ஒரு முறை போகிறேன். மகள் வீட்டுப் பெரிய தொலைக்காட்சியில் ஒரு படம் போட்டு, சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். முதல் தடவையே திட்டு வாங்கினேன். "எல்லாவற்றையும் படிக்கிறாய். நான் உனக்கு எல்லாவற்றையுமா சொன்னேன்?" என்றார். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரிவதற்குப் படத்தை முதல்நாள் இரவே ஒரு முறை பார்த்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் அவர் எவ்வளவு வேலை செய்திருக்கிறார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

சென்ற மாதம் 'டோக்கியோ ஸ்டோரி' வேண்டும் என்றார். கடைசிப் பகுதியில், தாயின் சாவுக்குப் பிறகு, இளைய மகள் தன் விதவை அண்ணியிடம், வாழ்க்கை ஏமாற்றம்தானே என்று கேட்க, அவள் ஆமாம் என்பாள். அந்த 'ஏமாற்றம்' என்ற சொல் எனக்குத் திருப்தியாக இல்லை; சலிப்பா, கசப்பா என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி என் முழங்கையைத் தொட்டு, "அதை விடு, தம்பி. அவள் சிரிக்கிறாளா, அதை மட்டும் சொல்லு" என்றார். சிரிக்கிறாள் என்றேன். சரி என்று தலையை அசைத்துக்கொண்டார்.

எனக்கு உங்களிடமிருந்து ஓர் உதவி வேண்டும். பேச்சு அதிகம் இல்லாமல், பெரிய அசைவுகளாலும் ஒலியாலும் நடக்கிற படங்கள் எவை? நான் வாயை மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கொடைரோடு எழுதியது:

கிம் கி டுக்கின் 2004-ஆம் ஆண்டுப் படத்தில், ஆளில்லாத வீடுகளுக்குள் புகுந்து வாழும் இளைஞன் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ஆனால் அதில் முகம் முக்கியம். அவருக்குச் சரிவருமா என்று தெரியவில்லை. 1956-இல் வந்த 'தி ரெட் பலூன்' 34 நிமிடந்தான். பாரிஸின் சாம்பல் நிறத் தெருக்களில் ஒரு பெரிய சிவப்பு பலூன் ஒரு பையனைப் பின்தொடர்ந்து போகிறது. நிறம் தெரியுமானால் இதை முயன்று பாருங்கள்.

எதிர்க்காற்று எழுதியது:

மௌனப் படங்களை யோசித்தீர்களா? முர்னாவின் 1924-ஆம் ஆண்டுப் படமான 'தி லாஸ்ட் லாஃப்', ஓட்டல் வாயிற்காப்போன் ஒருவன் தன் சீருடையை இழப்பதைச் சொல்வது. இடையில் எழுத்து அட்டைகளே இல்லாமல் நடந்து, முடிவை நெருங்கும்போது ஒன்றே ஒன்று வரும். அதை மட்டும் நீங்கள் படித்தால் போதும். நான் இதை அப்பாவோடு பார்த்தேன் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

ரீல்பெட்டி எழுதியது:

கானேட்டோ ஷிண்டோவின் 'தி நேக்கட் ஐலண்ட்', 1960. தண்ணீரே இல்லாத ஒரு சின்னத் தீவில் கணவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். படகில் போய்த் தண்ணீர் மொண்டு, காவடித் தண்டில் இரண்டு வாளிகளைத் தொங்கவிட்டு, செங்குத்தான பாதையில் ஏறி, வறண்ட மண்ணில் ஊற்றுவதுதான் அவர்கள் வாழ்க்கை. ஏறத்தாழ பேச்சே கிடையாது. 1961-இல் மாஸ்கோ திரைப்பட விழாவில் பெரும் பரிசைப் பகிர்ந்துகொண்ட படம். அந்தத் தீவு இருப்பது செட்டோ உள்நாட்டுக் கடலில். ஒனோமிச்சி இருப்பதும் அதே கடலின் கரையில்தான் என்பதை உங்கள் அண்ணாச்சியிடம் சொல்லுங்கள்.

மேன்ஷன்வாசி எழுதியது:

நேற்று கோவில்பட்டி போயிருந்தேன். ரீல்பெட்டி சொன்ன படத்தைத்தான் போட்டேன். ஒனோமிச்சி விஷயத்தைச் சொன்னதும், "அப்படியானால் அந்தப் பெரியவர் வீட்டுக்கு எதிரே தெரியும் தண்ணீர்" என்றார்.

வானமும் மலைச்சரிவும் கடலும் பெரிய வடிவங்கள். அவற்றுக்கு நடுவே தண்டைத் தோளில் தாங்கி ஏறும் உருவம் அவருக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. துடுப்புச் சத்தத்தையும் தண்ணீர் மண்ணில் இறங்கும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். பாதி மலையில் மனைவி கால் தடுக்கி ஒரு வாளியைக் கவிழ்க்கிற இடம் வந்தபோது, "கொட்டிவிட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த நொடி கணவன் அவளை அறைகிற சத்தம். அதற்கு அவர் எதுவும் கேட்கவில்லை.

படம் முடிந்ததும் மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த மாதம் எந்தப் படம் கொண்டுவரட்டும், முர்னாவா, சிவப்பு பலூனா என்று கேட்டேன்.

"இதையே கொண்டு வா" என்றார்.